நெஞ்சுக்குள் பார்த்த வைத்தியர்: பினாங்கு டாக்டர் வூ லியன் தே

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் நம் வீடுகளில் ஒரு தேடல் தொடங்கிவிடும். ஜும்ஆ முடிந்து மஸ்ஜித் இந்தியா வாசலில் நிற்கும்போது ஒருவர் இன்னொருவரிடம் நுரையீரலுக்கு நல்ல டாக்டர் யார் என்று விசாரிப்பார். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் இதே விசாரணைதான். ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஒருவர் பெரிய தனியார் மருத்துவமனையைக் காட்டுவார், இன்னொருவர் சென்னைக்கே போய்விடச் சொல்வார். இதற்கு நடுவில் இருமுகிறவர் மருந்துக் கடையில் மூன்றாவது போத்தல் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டிருப்பார்.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வரலாற்றை எழுதும்படி எங்களைக் கேட்டபோது, இந்தத் தேடல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நுரையீரல் நோயை அறிந்த வைத்தியர் எப்படிப்பட்டவராக இருப்பார்? அவரை எப்படி அடையாளம் காண்பது? இதற்குப் பாடம் போல ஒரு வாழ்க்கை நம் நாட்டிலேயே இருக்கிறது. அவர் நம் மொழிக்காரரும் இல்லை, மார்க்கத்தவரும் இல்லை. ஆனால் அவர் கிளினிக் நடத்தியது பினாங்கு சூலியா தெருவில். நம் பாட்டன், பூட்டன் கப்பலில் வந்து இறங்கி, கடை போட்டு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுத அதே வட்டாரத்தில். அவர் பெயர் டாக்டர் வூ லியன் தே.

பொற்கொல்லரின் மகன்

1879 மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாய் இங்கேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் சேர்க்கப்பட்ட பையன் படிப்பில் முன்னால் நின்றான். 1896-இல் குயின்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஆங்கிலேய அரசு நீரிணைக் குடியேற்றங்களின் மாணவர்களுக்குக் கொடுத்த அந்த உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு ஓரிருவருக்கு மட்டுமே கிட்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் கல்லூரியில் மருத்துவம் படித்தார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவர். பிறகு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். லிவர்பூலில் வெப்பமண்டல நோய்களைப் படித்தார். பாரிஸின் பாஸ்டர் நிலையத்திலும் ஜெர்மனியிலும் கிருமியியல் கற்றார். கண்ணுக்குத் தெரியாத கிருமியை உருப்பெருக்கியில் பார்ப்பது, அதை வளர்த்து உறுதி செய்வது எல்லாம் அந்தக் காலத்தில் புதுக்கல்வி. ஆங்கிலேய மருத்துவர்களிலேயே சிலருக்குத்தான் அது கைவந்திருந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு 1903-இல் மலாயா திரும்பினார். நம் கோலாலம்பூரில் அப்போதுதான் தொடங்கியிருந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், இன்று நாம் ஐ.எம்.ஆர். என்று சொல்லும் நிலையத்தில், ஏறத்தாழ ஓராண்டு ஆய்வு செய்தார். ஈயச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்த பெரிபெரி நோயும் வயிற்றுப் புழுக்களும் அவருடைய ஆய்வுப் பொருள்கள்.

அதற்கு மேல் வழி அடைத்திருந்தது. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் மருத்துவத் துறையில் இரண்டு படிகள் இருந்தன. மேல்படிப் பதவிகளும் நிபுணர் பதவிகளும் பிரிட்டிஷ்காரருக்கு. உள்ளூரில் பிறந்தவர் எங்கே படித்துவந்தாலும் கீழ்ப்படிதான். கேம்பிரிட்ஜ் பட்டமும் ஐரோப்பாவின் சிறந்த ஆய்வுக்கூடங்களில் பெற்ற பயிற்சியும் உள்ள ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு, நிபுணர் வேலை இல்லை என்று சொன்னது அந்த நிர்வாகம். நல்ல டாக்டரைத் தேடுகிற நமக்கு இது முதல் பாடம். நாற்காலியையும் பெயர்ப்பலகையையும் மட்டும் பார்த்துத் தேடினால், உண்மையில் விஷயம் தெரிந்தவரைத் தாண்டிப் போய்விடுவோம்.

சூலியா தெரு கிளினிக்

1904-இன் இறுதியில் பினாங்கு சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அன்றைய சூலியா தெருவை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரைப் பக்கங்களிலிருந்து வந்த மரைக்காயர்களும் ராவுத்தர்களும் அந்த வட்டாரத்தில் புடவைக் கடை, பணம் மாற்றும் கடை, மளிகைக் கடை என்று நடத்தினார்கள். கூலி வேலை செய்தவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் பக்கத்துச் சந்துகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள்.

அந்தத் தெருவிலிருந்தபடி இளம் டாக்டர் இன்னொரு நோயையும் கண்டார். அபின். சீனத் தொழிலாளியின் அரைச் சம்பளம் புகையாகப் போனது. அரசுக்கோ அபின் வரியில் பெரிய வருமானம். அவர் பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1906-இல் ஈப்போவில் பெரிய மாநாடு கூட்டினார். லாபம் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1907-இல் அவர் கிளினிக்கில் சோதனை போட்டு, மருந்துக்காக வைத்திருந்த சிறிதளவு அபின் சாறு உரிமமின்றி இருந்ததாக வழக்குப் போட்டு, 100 வெள்ளி அபராதம் விதித்தார்கள்.

சொந்த ஊரில் மனம் கசந்திருந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியென்ஜின் நகரில் இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராக வரச் சொன்னார்கள். 1908-இல் அந்தப் பொறுப்பை ஏற்றார். சீன மொழியைக்கூட அங்கே போய்த்தான் சரியாகக் கற்க வேண்டியிருந்தது. அதுவரை அவர் வளர்ந்தது ஆங்கிலத்தில்.

மஞ்சூரியாவில் ஒரு தேடல்

1910-இன் கடைசி மாதங்களில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் புறப்பட்டது. முதலில் காய்ச்சல், பிறகு இருமல், இருமலில் இரத்தம், உடம்பு கருநீலமாகி ஓரிரு நாளில் மரணம். வந்தவர் பிழைத்ததாகவே செய்தி இல்லை. ரயில் பாதைகள் சந்திக்கும் ஹார்பின் நகரத்தில், ஃபூஜியாதியென் என்ற சீனர் குடியிருப்பில், ஏறத்தாழ 24,000 ஏழை மக்கள் நெருக்கமாக வாழ்ந்த இடத்தில், நோய் வேகமாகப் பரவியது.

இந்த நோய் வந்த வழியைக் கேட்டால் வியாபாரிகளான நமக்குத் தூக்கிவாரிப்போடும். அந்தப் புல்வெளிகளில் தார்பகான் என்றொரு பிராணி உண்டு. மண்ணில் வளை தோண்டி வாழும் பெரிய அணில் வகை. ஐரோப்பாவில் அதன் தோலுக்குக் கிராக்கி ஏறியது. விலை ஏற ஏற, வேட்டை தெரியாத ஆயிரக்கணக்கானோர் அதைப் பிடிக்கக் கிளம்பினார்கள். பழைய மங்கோலிய வேட்டைக்காரர்கள் நோயுற்றுத் தடுமாறும் பிராணியைத் தொடமாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்த விவரம் தெரியாது. எளிதாகப் பிடிபடுகிறதே என்று நோயுற்றதையும் பிடித்து உரித்தார்கள். குளிர் தொடங்கியதும் காற்றுப் புகாத விடுதிகளில் இருபது, முப்பது பேராக அடுக்கடுக்காகப் படுத்தார்கள். ஒருவர் இருமினால் போதுமானதாக இருந்தது. புத்தாண்டுக்கு ஊர் திரும்பியவர்கள் ரயிலில் நோயையும் ஏற்றிச் சென்றார்கள்.

பெய்ஜிங்கில் அரசு கலங்கியது. ஒரு பக்கம் ரஷ்யா, இன்னொரு பக்கம் ஜப்பான். நோயைச் சீனா அடக்காவிட்டால் அதையே சாக்காக வைத்துப் படையை இறக்குவார்கள் என்ற பயம். உடனே ஒரு வைத்தியர் வேண்டும். முதலில் கேட்கப்பட்ட ஒருவர் போக மறுத்துவிட்டார். அடுத்ததாக வெளியுறவு அமைச்சு தந்தி அனுப்பியது பினாங்குக்காரருக்கு. அவருக்கு வயது 31. ஒரு மாணவரை உதவிக்கு அழைத்துக்கொண்டு, ஓர் உருப்பெருக்கியையும் ஆய்வுச் சாமான்களையும் கட்டிக்கொண்டு, 1910 டிசம்பர் 24-ஆம் தேதி ஹார்பினில் இறங்கினார். பூஜ்யத்துக்கும் கீழே 25, 30 டிகிரி குளிர்.

கண்ணால் கண்டது

அதுவரை பிளேக் என்றால் எலி, எலியின் உடம்பில் தெள்ளு, தெள்ளு கடித்தால் மனிதனுக்கு நோய் என்பதே படித்தவர்களின் பாடம். இந்தியாவில் பம்பாய்ப் பிளேக்கில் கண்டறிந்த உண்மை அது. தெள்ளு கடித்து வரும் பிளேக்கில் தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும். ஹார்பினில் ஒரு ஜப்பானிய மருத்துவர் நூற்றுக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எலியிலும் பிளேக் கிருமி இல்லை.

டாக்டர் வூ நோயாளியின் நெஞ்சுக்குள் பார்க்க முடிவு செய்தார். அந்த நாளில் சீனாவில் பிரேதத்தை அறுப்பது வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் ஒவ்வாத காரியம். வந்த மூன்றாம் நாள், டிசம்பர் 27-ஆம் தேதி, விடுதி நடத்தும் சீனர் ஒருவரை மணந்திருந்த ஒரு ஜப்பானியப் பெண் இந்நோயில் இறந்த செய்தி வந்தது. சத்தமில்லாமல் அங்கே போய், இருந்த வசதியில் பிரேதப் பரிசோதனை செய்தார். நுரையீரலிலிருந்தும் மற்ற உறுப்புகளிலிருந்தும் எடுத்ததைச் சாயமிட்டு உருப்பெருக்கியில் வைத்தால், பிளேக் கிருமி கூட்டங்கூட்டமாகத் தெரிந்தது. வளர்ப்புச் சோதனையும் சில நாளில் அதையே உறுதி செய்தது.

எலியிடம் நோய் இல்லை. நோயாளிக்கு நெறி கட்டவில்லை. நுரையீரல் முழுக்கக் கிருமி. அப்படியென்றால் இது மூச்சில் பரவுகிறது, இருமும்போது தெறிக்கும் துளிகளில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். நுரையீரல் பிளேக் என்ற பெயர் மருத்துவ உலகுக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் ஒரு நாட்டையே அழிக்கும் அளவுக்கு அது எலியின் துணையே இல்லாமல், மூச்சால் மட்டுமே பரவும் என்பதை அன்று பெரும்பாலோர் நம்பவில்லை.

நோய் மூச்சில் வருகிறது என்றால் தடுப்பும் மூச்சில்தான் இருக்க வேண்டும். காயம் கட்டும் மெல்லிய துணியை மடித்து, நடுவில் பஞ்சை வைத்து, தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் முகக்கவசத்தை வடிவமைத்தார். அறுவை மருத்துவர்கள் முகத்தில் துணி கட்டுவது ஐரோப்பாவில் இருந்ததுதான். அதைத் தடிப்பாக்கி, நழுவாமல் இறுகக் கட்டும்படி செய்து, வைத்தியர், தாதி, போலீஸ்காரர், பிணம் தூக்குகிறவர் எல்லாரும் அணிய வேண்டும் என்று கட்டாயமாக்கியது இவர். நூறு ஆண்டு கழித்து கோவிட் காலத்தில் நாம் அணிந்த கவசத்தின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

பெரிய பெயர் காப்பாற்றவில்லை

அப்போது தியென்ஜினிலிருந்து டாக்டர் மெஸ்னி வந்தார். பிரெஞ்சுக்காரர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், வயதில் மூத்தவர், இதற்கு முன் பிளேக்கைக் கையாண்ட அனுபவமும் உள்ளவர். அவர் பார்த்த பிளேக் தெள்ளு பரப்பிய பிளேக். மூச்சில் பரவும் என்று ஓர் இளைஞர், அதுவும் சீனர், தமக்குச் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. முழுப் பொறுப்பும் தமக்கு வேண்டும் என்று வாதிட்டார். டாக்டர் வூ சண்டை போடவில்லை. பெய்ஜிங்குக்குத் தந்தியடித்து, தம்மை விடுவித்துவிடலாம் என்று எழுதினார். அரசு அவர் பக்கமே நின்றது.

சினத்தோடு பிரிந்த மெஸ்னி ரஷ்ய மருத்துவமனைக்குப் போய், முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாளில் காய்ச்சல், இருமல், இரத்தம். 1911 ஜனவரி 11-ஆம் தேதி மறைந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. நோயாளிகளைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவர் அவர். ஆனால் தெரிந்த பழைய நோயை வைத்தே புதிய நோயாளியைப் பார்த்தார். அந்த மரணச் செய்தி நகரத்தை உலுக்கியது. அதன் பிறகு ஹார்பினில் முகக்கவசம் இல்லாமல் நடமாடத் துணிந்தவர் சிலரே.

ஊரைப் பூட்டிய நாள்கள்

டாக்டர் வூ ஊரை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவ அதிகாரி, வீடு வீடாகத் தினமும் சோதனை. பகுதி விட்டுப் பகுதி போக அனுமதிச் சீட்டு. நோயாளியுடன் பழகியவர்களைத் தனியாக வைக்க வீடு இல்லாததால், ரயில்வேயிடம் கேட்டுச் சரக்கு வண்டிப் பெட்டிகளை வாங்கி அவற்றில் தங்கவைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் வந்து ஊர் எல்லையைக் காத்தார்கள். ரயில் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போக வேண்டாம், உள்ளே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்று நம் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அந்த ஒழுங்கை ஒரு நகரத்தில் எப்படி நடத்துவது என்பதற்கு ஹார்பினில் நடந்தது ஓர் உதாரணம்.

ஒரு காரியம் மட்டும் அவர் மனத்தை அரித்தது. ஊருக்கு வெளியே இடுகாட்டில் 2,000-க்கும் அதிகமான பிரேதங்கள் பெட்டிகளிலும் வெறுமனேயும் பனியில் கிடந்தன. பூமி பாறையாய் உறைந்திருந்ததால் குழி தோண்ட வழியில்லை. எலி கடித்தால் நோய் திரும்பக் கிளம்பும். முன்னோர் உடலைப் போற்றுகிற சீனர்களுக்கு எரிப்பது பெரும் பாவம். பேரரசரின் அனுமதி இல்லாமல் தொடவே முடியாது. அவர் உள்ளூர்ப் பெரியவர்களை அழைத்துப் போய் அந்த இடத்தைக் காட்டினார். அவர்களும் சேர்ந்து பெய்ஜிங்குக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அனுமதி வந்தது. சீனப் புத்தாண்டுக்கு அடுத்த நாள், 1911 ஜனவரி 31-ஆம் தேதி, எரியூட்டல் தொடங்கியது.

நம் மார்க்கத்தில் மையித்தை எரிப்பது இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போது நமக்கும் மனம் கூசும். அந்த ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான் கூசியிருக்கும். கோவிட் காலத்தில் நம் ஜமாஅத்தார் சிலர் தந்தையின் ஜனாஸாவுக்குக்கூட அருகில் போக முடியாமல், தூரத்தில் நின்று துஆ செய்தார்கள். பாதுகாப்பு உடை அணிந்த சிலர் நல்லடக்கத்தை முடித்தார்கள். அந்த வலி உள்ளவர்களுக்கு ஹார்பின் மக்களின் நிலை புரியும். டாக்டர் வூ மக்களின் வழக்கத்தைக் கேலி செய்யவில்லை, மீறி ஓடவும் இல்லை. கண்ணால் காணச் செய்து, அவர்கள் சம்மதத்தோடு செய்தார்.

அதன் பிறகு சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மார்ச் முதல் தேதிக்குப் பிறகு ஹார்பினில் புதிய நோயாளி இல்லை. மஞ்சூரியா முழுவதும் நான்கு மாதத்தில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள். ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாடுகளின் மருத்துவ அறிஞர்கள் கூடிய சர்வதேச பிளேக் மாநாட்டுக்கு அவரே தலைவர். நிபுணர் நாற்காலி கொடுக்க மாட்டோம் என்று சொன்ன பேரரசின் அறிஞரும் அந்த அவையில் உட்கார்ந்து அவர் தலைமையை ஏற்றார்.

பிந்திய ஆண்டுகள்

அவர் அத்துடன் நிற்கவில்லை. வட மஞ்சூரியாவில் பிளேக் தடுப்புச் சேவையை நிறுவி, மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடமும் கட்டினார். 1920, 21-இல் அதே நோய் திரும்ப வந்தபோது ஏற்பாடுகள் தயாராக இருந்தன. சாவு ஏறத்தாழ 9,000-த்தோடு நின்றது. 1915-இல் சீன மருத்துவச் சங்கம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். 1926-இல் நுரையீரல் பிளேக் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை சர்வதேச சங்கம் வெளியிட்டது. 1930 முதல் சீனத் துறைமுகங்களின் தனிமைப்படுத்தல் சேவைக்குத் தலைமை வகித்தார். 1935-இல் நோபல் மருத்துவப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

1937-இல் ஜப்பானியப் படை சீனாவைத் தாக்கியபோது ஷங்ஹாயில் இருந்த வீட்டை இழந்து மலாயா திரும்பினார். உலகம் அறிந்த அந்த மனிதர் ஈப்போவில் ஒரு கடைவீட்டில் சாதாரண கிளினிக் போட்டு உட்கார்ந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமலும் மருந்து கொடுத்தார். ஜப்பானியர் ஆட்சியில் கெரில்லாக்கள் அவரைப் பிடித்துவைத்துப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டால், கெரில்லாக்களுக்கு உதவினார் என்று ஜப்பானியர் சந்தேகித்தார்கள். அவரிடம் வைத்தியம் செய்துகொண்டிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரால் தப்பினார். இரு பக்கமும் நெருக்கிய அந்தக் காலத்தை நம் பெரியவர்களும் அறிவார்கள்.

போருக்குப் பிறகு ஈப்போவில் எல்லாரும் இலவசமாகப் படிக்க ஒரு நூலகம் வேண்டும் என்று வீடு வீடாக நன்கொடை திரட்டினார். இன்று துன் ரசாக் நூலகம் என்ற பெயரில் அது நிற்கிறது. எண்பது வயதுவரை நோயாளிகளைப் பார்த்தார். 1959-இல் தம் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். பினாங்கில் ஓய்வுக்கென்று வீடு வாங்கி, அங்கே போன கொஞ்ச நாளில், 1960 ஜனவரி 21-ஆம் தேதி காலமானார்.

நம் வீடுகளுக்கு

இந்த வாழ்க்கையிலிருந்து நம் தேடலுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று யோசித்தோம்.

மெஸ்னியிடம் புகழும் வயதும் இருந்தன. டாக்டர் வூவிடம் உருப்பெருக்கி இருந்தது. ஆகவே நாம் தேட வேண்டியது நெஞ்சுக்குள் பார்க்கிற வைத்தியரை. இருமல் என்று போனால் எத்தனை நாளாக, சளி என்ன நிறம், இரத்தம் வருகிறதா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா, என்ன தொழில், வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்று கேட்பவர். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பவர். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எழுதுபவர். இதில் எதுவும் செய்யாமல் மருந்து மட்டும் தருகிற இடத்துக்கு மூன்றாம் முறை போக வேண்டியதில்லை.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோயா என்று பார்த்துவிட வேண்டும். டிபி என்றால் நம்மில் பலர் இன்னும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். பெண் கொடுக்க மாட்டார்கள், கடைக்கு ஆள் வரமாட்டார்கள் என்று மறைக்கிறோம். சாதாரண காசநோய் ஆறு மாதம் மாத்திரை ஒழுங்காக எடுத்தால் குணமாகிற நோய். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாக மாறும். மறைத்தால் ஒரே அறையில் படுக்கும் பிள்ளைக்குப் போகும். ஹார்பின் விடுதிகளில் நடந்தது அதுதான்.

வழி எளியது. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்து டாக்டரைப் பார்க்கலாம். எக்ஸ்ரே, சளிச் சோதனைக்கு ஏற்பாடு செய்வார்கள். நிபுணர் வேண்டுமென்றால் அவர்களே சூராட் ருஜுக்கான் எழுதித் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் கிள்ளான்காரர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூரில் ஜாலான் பஹாங்கில் இன்ஸ்டிட்யூட் பெருபாத்தான் ரெஸ்பிராத்தோரி இருக்கிறது. முன்பு தேசியக் காசநோய் மையமாக இருந்த அதே இடம். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குப் பக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. தனியாரிடம் போகிறவர்கள், அந்த டாக்டரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் சுவாச மருத்துவப் பிரிவில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். போகும்போது பழைய எக்ஸ்ரேக்களையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டையையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இன்னொன்று, எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு. நம் தொழிலில் மிளகாய்த்தூள் உண்டு, மாவுத்தூசி உண்டு, அடுப்புப் புகை உண்டு. கடைக்கு மேல்மாடியில் ஒரே அறையில் பத்துத் தொழிலாளிகளைப் படுக்கவைக்கும் பழக்கமும் உண்டு. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் திறப்பதும், இருமுகிற தொழிலாளிக்கு அரைநாள் விடுப்புக் கொடுத்து கிளினிக்குக்கு அனுப்புவதும் நம் கையில்தான் இருக்கின்றன. தார்பகான் தோல் விற்றவர்கள் லாபத்தை எண்ணினார்கள், விடுதிக்காரர்கள் படுக்கையை எண்ணினார்கள். யார் இருமுகிறார் என்று எண்ண ஆள் இல்லை.

நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளாகக் கல்வி உதவி என்று பேசிவந்திருக்கிறது. சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பொற்கொல்லரின் பிள்ளை உலகம் தேடிய நுரையீரல் வைத்தியராக முடிந்தது. நம் பிள்ளைகளில் அறிவியலில் ஆர்வம் காட்டும் ஆணோ பெண்ணோ இருந்தால், சீக்கிரம் கடையைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்கு முன் நாம் ஒரு நிமிடம் யோசிப்போம். அடுத்த ஐம்பது ஆண்டில் நுரையீரலுக்கு நல்ல டாக்டர் யார் என்று பள்ளிவாசல் வாசலில் யாராவது விசாரித்தால், நம் வீட்டுப் பிள்ளையின் பெயரும் அங்கே சொல்லப்படட்டும். அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.